பின்கதவில் தொங்கும் பை

மச்சாளின் பை இப்போது ஒக்லண்டின் மாசி என்ற புறநகரில் என் வீட்டுப் பின்கதவில் தொங்குகிறது. நீல நிற ரெக்சின் பை. வார் அறுந்து, தடித்த நூலால் தைத்து, மறுபடி அறுந்து, மறுபடி தைத்தது. மச்சாள் என் கணவரின் மூத்த அக்கா. மச்சாள் காலமான பிறகு, உமக்கு என்ன வேணும் என்று வீட்டில் கேட்டார்கள். சேலையும் வேண்டாம், சங்கிலியும் வேண்டாம், அந்தப் பையைத் தாருங்கள் என்றேன். எனக்கு மண்டை பிசகிவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

எண்பதுகளில் நாங்கள் நியூசிலாந்துக்கு வந்து, ஒக்லண்டின் மவுண்ட் ரோஸ்கில்லில் ஒரு பழைய மரவீட்டில் வாடகைக்கு இருந்தோம். நானும் கணவரும் கைக்குழந்தையும், எண்பத்துமூன்று ஜூலையில் தமிழர்களைத் தாக்கிய கலவரத்துக்குப் பிறகு கொழும்பிலிருந்து தனியாக வந்து சேர்ந்த மச்சாளும். இந்த நாட்டில் நிலம் ஆடும் என்று விசா வாங்கித் தந்தவர்கள் ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. தொலைபேசிப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் படம் போட்டுச் சொல்லியிருந்தார்கள். ஆடத் தொடங்கினால் வெளியே ஓடாதே, மேசைக்குக் கீழே போ, மேசைக்காலைப் பிடித்துக்கொள். அதைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு நித்திரை போயிற்று. கண்ணாடிப் போத்தல்களை மேல்தட்டிலிருந்து இறக்கினேன். அலுமாரியைச் சுவரோடு கயிற்றால் கட்டினேன். எங்கள் பின்படிக்கு நேர் மேலே ஒரு செங்கல் புகைபோக்கி வெடிப்போடு நின்றது. உடுப்புக் காயப்போடப் போகும்போதெல்லாம் அதை அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் படியில் கால் வைப்பேன். ஒக்லண்டில் என்ன நடுக்கம், அதெல்லாம் வெலிங்டன் பக்கம் என்று கணவர் சிரிப்பார். மவுண்ட் ரோஸ்கில் எரிமலை அடிவாரத்தில் குடியிருந்துகொண்டு கதைக்கிற கதையைப் பாருங்கோ என்பேன்.

மச்சாள் சிரிக்கமாட்டார். அவர் வேறு விதமாக ஆயத்தம் செய்துகொண்டிருந்தார். அந்தப் பை எந்நேரமும் பின்கதவில் தொங்கும். எல்லோருடைய பாஸ்போர்ட், பிறப்புச் சான்றிதழ்கள், பிள்ளையின் பால்மா, என் தாலிக்கொடி. எங்கள் செருப்புகள் பின்படியில் வெளியே பார்த்தபடி அடுக்கியிருக்கும். பின்வேலியில் ஒரு பலகையை அவரே ஆணி கழற்றித் தளர்த்தி வைத்திருந்தார். வேலிக்கு அப்பால் குடியிருந்த சமோவா அம்மாவுக்கு அந்தப் பலகை வழியாகச் சனிக்கிழமை தவறாமல் வடை போகும். வடை கொடுக்கும் ஆசையில் அல்ல. தேவை வந்தால் ஓடிப்போய் நிற்க ஒரு வீடு வேண்டும் என்பதற்காக.

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பையில் தண்ணீர் வையுங்கோ, டோர்ச் வையுங்கோ, புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருக்கு என்று நச்சரித்தேன். மச்சாள் பொறுமையாகச் சொன்னார்:

"தண்ணி ஆரிட்டையும் கேக்கலாம் பிள்ளை. பாஸ்போர்ட்டை ஆரிட்டைப் போய்க் கேக்கிறது?"

மேசைக்குக் கீழே போவதைப் பற்றி அவரிடம் கதைக்கவே முடியாது. கொழும்பில் அன்றைக்குத் தெருவில் கும்பலின் சத்தம் கேட்டபோது, உள்ளே இருப்போம், ஒன்றும் நடக்காது என்றாராம் அவருடைய கணவர். மச்சாள் பின்மதிலேறி அயல்வீட்டுக்குள் குதித்தார். கணவர் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருந்தார். கும்பல் வைத்த தீயில் வீட்டோடு போய்விட்டார். இதைத் தாங்கிய ஒரு மனுசியிடம், ஆபத்து வந்தால் உள்ளே இரு என்று எந்த வாயால் சொல்வது? ஆனால் பகலில் என் பிள்ளையைப் பார்த்துக்கொண்டது அவர்தான். நிலம் ஆடினால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அந்தப் புகைபோக்கிக்குக் கீழேதான் ஓடுவார். இந்த நினைப்பு வேலையிடத்திலும் என்னைத் தின்றது.

நிலம் ஆடிய பிற்பகலில் நான் வீட்டில்தான் இருந்தேன். முதலில் அலுமாரிக்குள் கோப்பைகள் கிலுங்கின. லொறி போகிறது என்று நினைத்தேன். பிறகு விளக்கு ஆடியது. தரை காலுக்குக் கீழே வழுக்குவது போல இருந்தது. பிள்ளை பின்னறையில் தொட்டிலில் கிடந்தான். நான் எழுந்திருப்பதற்குள் மச்சாள் அவனை அள்ளி இடுப்பில் வைத்து, மறுகையில் பையோடு பின்கதவடியில் நின்றார். கதவு பாதி திறந்துவிட்டது. நான் மேசைக்குக் கீழே புகுந்து முழங்காலில் நின்றபடி, உள்ளை வாங்கோ மச்சாள், உள்ளை வாங்கோ என்று கத்தினேன். அவரோ வெளியே பார்த்துக்கொண்டு நின்றார். வேலியைப் பார்த்தார், பக்கத்து ஒழுங்கையைப் பார்த்தார். ஏன் ஓடாமல் நிற்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. திடீரென்று திரும்பி வந்து என் பக்கத்தில் மேசைக்குக் கீழே புகுந்தார். பிள்ளை வீரிட்டான். மச்சாள் தன் உள்ளங்கையால் அவன் வாயைப் பொத்தினார்.

நான் அந்தக் கையைப் பிடித்து மெல்ல எடுத்தேன். "அவன் அழட்டும் மச்சாள். இஞ்சை சத்தம் கேட்டா ஒண்டுமில்லை."

அவருடைய உடம்பு முழுவதும் நடுங்கியது. நிலம் அதற்குள் நின்றுவிட்டிருந்தது.

"வாசலிலை ஒருத்தரும் நிக்கேல்லை, என்ன?" என்று கேட்டார்.

"ஒருத்தரும் இல்லை. நிலம்தான் ஆடினது."

"நிலம்தான்," என்றார். மேசைக்காலை இறுகப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கினார். கொழும்பிலிருந்து வந்த பிறகு அவர் அழுததை நான் பார்த்தது அன்றைக்குத்தான். எனக்கும் அடக்க முடியவில்லை. கணவர் வேலையால் வந்தபோதும் நாங்கள் மூவரும் மேசைக்குக் கீழேதான் இருந்தோம். புகைபோக்கியிலிருந்து ஒரு கல் கூட விழவில்லை. அடுத்த சனிக்கிழமையும் பலகை வழியாக வடை போனது.

அன்றைக்குத் தொட்டிலில் கிடந்தவன் இப்போது இதே நகரத்தின் எல்லர்ஸ்லியில் வேலை பார்க்கிறான். போன கிழமை வந்து, அம்மாவின் ஆயத்தப் பையைச் சரிபார்க்கிறேன் என்று உட்கார்ந்தான். பழைய பாஸ்போர்ட்டுகளை வெளியே எடுத்து வைத்துவிட்டு, இதெல்லாம் காலாவதியானது, பூகம்பத்துக்கு இது எதற்கு என்று ஆங்கிலத்தில் கேட்டான். தண்ணீர்ப் போத்தலும் டோர்ச்சும் வைத்தான். கெட்டிக்காரப் பிள்ளை, அவன் சொன்னதில் பிழை இல்லை.

அவன் போனபிறகு பாஸ்போர்ட்டுகளைத் திரும்பப் பைக்குள் வைத்தேன். மச்சாளுடையதை எல்லாவற்றுக்கும் மேலே வைத்தேன். தண்ணீரையும் எடுக்கவில்லை, பை கனத்துப்போயிற்று. அதைக் கொளுவியில் மாட்டிவிட்டு, பின்கதவைத் திறந்து வெளியே எட்டிப் பார்த்தேன். ஒருத்தரும் நிற்கவில்லை.