ராணிக்கோட்டையில் ரெண்டு பேர்

‘எந்நேரமும் கேம்தானா?’ என்று கேட்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எந்த கேம் என்று ஒருத்தரும் கேட்பதில்லை. கபடியும் கேரமும் ஒன்றா என்ன? போட்டிக்கு ஆடுகிற கம்ப்யூட்டர் ஆட்டங்களும் ரகம் ரகமாகத்தான் இருக்கின்றன. நூறு பேரை ஒரு தீவில் இறக்கிவிட்டு, கடைசிவரை சாகாமல் இருப்பவருக்கு வெற்றி என்பது ஒரு ரகம். எங்கள் தெருப் பையன்கள் செல்போனில் ஆடுவது அதுதான். எனக்கு அது ஆகாது. மேல்மலையனூர் அமாவாசைக்கு ஸ்பெஷல் பஸ் ஏறுகிற மாதிரி, யார் எங்கிருந்து இடிக்கிறார்கள் என்றே தெரியாது. மூன்று பாதைகளில் படையை நடத்திப்போய் எதிராளியின் கோட்டையை இடிப்பது இன்னொரு ரகம். அதற்குப் பொறுமை வேண்டும், என்னிடம் அது கிடையாது.

நான் ஆடுவது ஐந்துக்கு ஐந்து துப்பாக்கி ஆட்டம். ஒரு அணி குண்டு வைக்கப் பார்க்கும், மற்ற அணி தடுக்கும். செத்துப்போனால் அந்த ரவுண்டு முடியும்வரை எழுந்திருக்க முடியாது. பலரும் நினைப்பதுபோல இதில் குறி மட்டும் போதாது. எதிராளி எங்கே நிற்கிறான் என்று மைக்கில் சொல்லத் தெரிய வேண்டும். அதுவும் இரண்டே வார்த்தையில்.

எங்கள் அணியில் நான், என் சித்தி மகள்கள் இரண்டு பேர், என் காலேஜ் தோழி, பஸ் ஸ்டாண்டு பக்கம் நெட் சென்டர் நடத்தும் அக்கா. வார நாளில் அந்த சென்டரில் பட்டாவுக்கும் ரேஷன் கார்டுக்கும் அப்ளிகேஷன் போடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு நாங்கள் ஆடுவோம்.

ஆட்டத்தின் ஒவ்வொரு மூலைக்கும் உலகம் முழுக்க ஒரே இங்கிலீஷ் பெயர் புழங்குகிறது என்பது ரொம்ப நாள் எங்களுக்குத் தெரியாது. நாங்களாகவே எங்கள் ஊர் இடங்களின் பெயரை வைத்துக்கொண்டோம். நீளப் பாதை திண்டிவனம் ரோடு. தண்ணீர் தேங்கிய பள்ளம் செட்டிக்குளம். ஏணி ஏறிப்போகும் உயரமான மாடம் ராணிக்கோட்டை. ‘ராணிக்கோட்டை’ என்று ஒருத்தி சொன்னால் போதும், மற்ற நாலு துப்பாக்கியும் மேலே திரும்பிவிடும். அந்த வேகத்தில்தான் நாங்கள் ஜெயித்துக்கொண்டிருந்தோம்.

சென்னையில் சம்பளம் கொடுத்து ஆடவைக்கும் பெண்கள் அணி ஒன்றில் ஓர் இடம் காலியானது. ஏதோ ஒரு ஆன்லைன் போட்டியில் என் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, நேரில் வந்து அவர்கள் அணியோடு சேர்ந்து ஒரு மேட்ச் ஆடிக்காட்டச் சொன்னார்கள். என்னோடு இன்னொரு பெண்ணையும் பார்ப்பதாகச் சொன்னார்கள். “சுடுறதுக்கு சம்பளமா? இன்னா வேலை இது? போலீஸ்லயாவது சேரேன்,” என்றார் நைனா. எனக்கு அந்த இடம் வேண்டும். அப்படி நான் வேறு எதையும் ஆசைப்பட்டதில்லை. வாரம் முழுக்க அந்த இங்கிலீஷ் பெயர்களை உருப்போட்டேன். மாடத்துக்கு ‘ஹெவன்’ என்று பெயர். தோசை திருப்பும்போதுகூட ஹெவன், ஹெவன் என்று முணுமுணுத்தேன்.

சென்னையில் ஏசி அறை, நல்ல நாற்காலி. மேட்ச் லைவ்வாகப் போனது. மைக்கில் பேசுவதும் வெளியே கேட்கும். நன்றாகவே ஆடினேன், பெயர்களையும் சரியாகவே சொன்னேன். ஸ்கோர் சமமாகிக் கடைசி ரவுண்டுக்கு வந்தது. வாசலை நான் தனியாகக் காத்துக்கொண்டிருந்தேன். எதிரணியில் மிச்சமிருந்த இரண்டு பேரும் ஏணி ஏறுவதைப் பார்த்தேன். பார்த்த நொடியில் என்னைச் சுட்டுவிட்டார்கள். செத்த ஆட்டக்காரிக்கு மிச்சம் இருப்பது வாய் மட்டும்தான்.

“ராணிக்கோட்டையில ரெண்டு பேரு!” என்று கத்தினேன்.

“எங்க?” என்றாள் கேப்டன். பக்கத்திலிருந்தவள் பின்பக்கம் திரும்பினாள். ஹெவன் என்று நான் திருத்திச் சொல்வதற்குள் எங்களில் மிச்சமிருந்த அந்த இரண்டு பேரும் விழுந்துவிட்டார்கள், மேட்ச் போனது.

கேப்டன் தன்மையாகத்தான் சொன்னாள். “சூப்பரா ஆடறீங்க. ஆனா நீங்க சொன்னது எங்களுக்குப் புரியலையே.” ஊருக்குத் திரும்பும் பஸ் திண்டிவனம் தாண்டும்போது மெசேஜ் வந்தது. அந்த இன்னொரு பெண்ணை எடுத்துக்கொண்டார்கள். அவமானமாக இருந்தது. கோபமும் வந்தது, எல்லாம் என் நாக்கின்மேல்தான். வீட்டுக்குப் போய் நைனா முகத்தைப் பார்க்கத் தெம்பில்லாமல் நேராக சென்டருக்குப் போனேன்.

நாலு பேரும் அங்கேயே இருந்தார்கள். லைவ்வில் எல்லாவற்றையும் பார்த்துவிட்டார்கள் என்பது முகத்திலேயே தெரிந்தது. தோழி நாற்காலியை இழுத்துப் போட்டாள். சித்தி மகள்களில் சின்னவள் டீ வாங்கிவந்தாள்.

“வாரமெல்லாம் மனப்பாடம் பண்ணேன்க்கா. கடைசியில வாயில அதுதான் வந்துச்சி,” என்றேன். பஸ்ஸில் அடக்கிவைத்திருந்த அழுகை வந்துவிட்டது.

நான் அழுது முடிக்கும்வரை அக்கா காத்திருந்தாள்.

“நீ சொன்னதும் நாங்க நாலு பேரும் மேலதான் பாத்தோம்,” என்றாள். “ரெண்டு பேரும் நல்லா தெரிஞ்சாங்க. சுடறதுக்குத்தான் நாங்க அங்க இல்ல.”