விடுமுறைக்குள் கூடாத எலும்பு

லைப்சிக்கில் என்னிடம் வரும் பத்து வயதுப் பிள்ளைகள் முதலில் கை கொடுக்கிறார்கள். பிறகு கேள்வி கேட்கிறார்கள். மேலண்ணத்தை ஏன் விரிக்க வேண்டும், வலிக்குமா, பிறகு சுருங்கிவிடுமா? பல் சீரமைப்பு மருத்துவராக இங்கே சேர்ந்த புதிதில் நான் அவர்களுடைய அம்மாக்களைப் பார்த்தே பதில் சொன்னேன். "என் வாயைப் பற்றித்தானே பேசுகிறீர்கள்?" என்றான் ஒருவன். கோபம் என்று நினைத்து மன்னிப்புக் கேட்டேன். அவனுக்கு உண்மையிலேயே சந்தேகம்.

எங்கள் ஊர் மேலப்பாளையத்தில் டாக்டரிடம் பேசுவது வாப்பா. என் பல்லைப் பிடுங்கும் முடிவும் என் தலைக்கு மேலேதான் பேசி முடிந்தது. வாப்பா துபாயில் இருந்தால் அவர் லீவில் வரும்வரை பல்லும் காத்திருக்கும். நிச்சயதார்த்தம், மாடிக்குக் கான்கிரீட், பெரியவர்களின் கண் ஆபரேஷன், எல்லாம் லீவுக்குள் முடிந்தாக வேண்டும். இந்த முறை மச்சான் லீவில் வந்தபோது, என் அக்கா லாத்தாவின் மகள் ரஸியாவின் அண்ணமும் அதில் சேர்ந்தது. லீவின் தொடக்கத்தில் அண்ணத்தை விரிக்கும் கருவியை மாட்டினார்கள். தினமும் சாவி போட்டுத் திருக, முன்பற்களுக்கிடையே சந்து விழுந்தது. மச்சான் விமானம் ஏறும் நாள் நெருங்கியபோது அது தானாக மூடிக்கொண்டது.

"சந்துதான் அடைஞ்சுட்டுல்லா, இன்னும் எதுக்குடி வாய்க்குள்ள இரும்பு?" என்றாள் லாத்தா, வீடியோ அழைப்பில். "மச்சான் போன பொறவு ஆஸ்பத்திரிக்கு யாரு கூட்டிட்டுப் போவா?"

"நீ போ."

"நானா? டாக்டர் கேட்டா நீ வந்து பதில் சொல்லுதியா?"

வரிசையாகச் சொன்னேன். ஒன்று, அந்தச் சந்து அடைந்தது பற்கள் நகர்ந்து வந்ததால். உள்ளே எலும்பு இன்னும் கூடவில்லை. இரண்டு, இப்போது கழற்றினால் அண்ணம் மறுபடி குறுகும். மூன்று, வளரும் வயதில் சில மாதங்கள் பொறுத்தால், கொஞ்சம் சுருங்கினாலும் பெரும்பகுதி நிலைக்கும். வளர்ந்து முடித்தபின் என்றால் அறுவை சிகிச்சை வரை போகலாம்.

"எல்லாஞ் சரிதாம்மா, கழத்த நாளைக்கு நேரம் வாங்கியாச்சே" என்றார் மச்சான்.

ரஸியாவிடம் யாருமே கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. போனை அவளிடம் கொடுக்கச் சொன்னேன்.

"கழத்துனா திரும்பக் கோணலாயிருமா சாச்சி?"

"ஆவும்."

"அப்ப இருக்கட்டும். கறி மாட்டத்தான் செய்யுது, நோண்டி எடுத்துக்கிடுதேன்."

"வாப்பாக்கு முன்னால பேச்சப் பாரு! ஜெர்மன்காரி பிள்ளையக் கெடுத்துட்டா" என்றாள் லாத்தா. மச்சான் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பில் மறுநாள் நேரம் ரத்தானது.

அவர் போனபின், லாத்தாதான் பஸ் ஏறி ரஸியாவைக் கூட்டிப்போகிறாள். டாக்டருக்கு ரஸியாவே பதில் சொல்கிறாளாம். நேற்று எக்ஸ்ரே படம் வந்தது. டிராமில் நின்றபடி பெரிதாக்கிப் பார்த்தேன். அண்ணத்தின் இரு பாதிகளுக்கு நடுவே இருந்த கறுப்புக் கோட்டில் வெண்மை படர்ந்திருக்கிறது. புதிதாய் வளர்ந்த அந்த எலும்பு இடப்பாதியைச் சேர்ந்ததா, வலப்பாதியைச் சேர்ந்ததா என்று பிரித்துச் சொல்ல என் படிப்பில் வழியில்லை. இரண்டையும் பிடித்துக்கொண்டிருக்கிறது.