மூன்றாவது டார்ச்

நேற்று கரண்ட் போன நேரம் பார்த்து வீட்டு டார்ச்சும் கண்ணை மூடிவிட்டது. இன்று காலை புதிது வாங்கப் போனேன்.

கடையில் எனக்கு முன்னால் திரேஸ்புரத்து அக்கா ஒருவர் நின்றார். வீட்டுக்காரர் மீன்பிடிக்கப் போகிறவர்.

"மூணு டார்ச் குடுங்க அண்ணாச்சி."

"போன மாசந்தானம்மா ரெண்டு வாங்குனிய, அதுக்குள்ள கெட்டுப்போச்சா?" என்றார் கடைக்காரர்.

"கெடல. ஒண்ணு கையில, ஒண்ணு ஸ்பேர்னு குடுத்துவிட்டேன். பக்கத்து வள்ளத்துல லைட் எரியலன்னு சொன்னா, இவரு ஸ்பேரத் தூக்கிக் குடுத்துட்டு வந்துருதாரு. கையில உள்ளதும் அணைஞ்சா என்ன செய்ய? கப்பல் வார பாதை. நம்ம லைட் அடிச்சாத்தான வள்ளம் கெடக்கது அவனுக்குத் தெரியும்?"

அதனால் மூன்றாவது டார்ச் அதே வள்ளத்தில் போகும் அக்காவின் தம்பியிடம் இருக்குமாம். மச்சானுக்குத் தெரியக் கூடாதாம்.

கடைக்காரர் சிரித்தார். "தம்பியும் எவனுக்காவது குடுத்துட்டான்னா?"

அக்கா ஒவ்வொரு டார்ச்சையும் எரியவிட்டுப் பார்த்தார்.

"கடல்ல வச்சிக் கேக்கவன்ட்ட இல்லன்னு சொல்ல முடியுமா? நாளைக்கு இவரு கேட்டா எவன் குடுப்பான்?"

பிறகு பையை விரித்தார். "நாலாவே குடுத்துருங்க."

ஒன்று வாங்கப் போன நான் இரண்டு வாங்கி வந்தேன். ஸ்பேர் இருப்பதைத் தெருவில் யாரிடமும் சொல்லவில்லை.

பக்கத்து வீட்டுக்காரர் இதைப் படிக்க மாட்டார் என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன். படித்துவிட்டால் கமெண்டில் கேளுங்கள் சார், தருகிறேன்.