இறால் ஓடு காய்ந்த அறை

பெங்களூரு மீன் மார்க்கெட்டில் கேட்டால் என் ஆராய்ச்சிக்கு வேண்டிய இறால் ஓடு மூட்டை மூட்டையாகக் கிடைக்கும். அப்பாதான் வாங்க விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கோலார் தங்கச் சுரங்கத்துச் சாம்பியன் ரீப்ஸ் லைன் வீடுகளில் இறால் குழம்பு கொதிக்கும்போது, வாளியோடு வாசல் வாசலாகப் போய் நிற்பார். சுரங்கத்தில் பாறைக்குத் துளை போட்டவர்; பத்தடி நடந்தால் மூச்சு வாங்கும். "இன்னா மாமா, இப்ப ஓட்டுல தங்கம் எடுக்கப் போறீங்களா?" என்று கேலி செய்வார்கள்.

"என் பொண்ணு எடுப்பா" என்பார்.

நான் எடுத்தது தங்கமில்லை. ஓட்டைக் கடும் அமிலத்தில் கரைத்துத் தண்ணீரை நாசம் செய்யாமல், ஒரு வினையூக்கித் தூளைக் கொண்டு மருந்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் ஆகிற ரசாயனமாக மாற்றுவது என் ஆராய்ச்சி. அதே தூளைக் கழுவிக் கழுவி ஐந்து முறை வேலை வாங்கிக் காட்ட வேண்டும். காட்டினால்தான் பட்டம்.

இரண்டாம் முறையே தூள் செத்துப்போனது. இரண்டு வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டேன். கடைசியில் ஓட்டைச் சோதித்தால், தூளைக் கொல்லும் ஆர்சனிக், கந்தகம்! அப்பா ஓட்டைக் கழுவி, கூரைத் தகரத்தில் காயப்போட்டிருக்கிறார். தங்கம் எடுத்தபின் கொட்டிய கழிவு மண் குவிந்த சயனைடு மேட்டிலிருந்து காற்றில் வரும் தூசி முழுக்க ஈர ஓட்டில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எங்கள் ஊரில் மிளகாயும் துணியும் அப்படித்தான் காய்கின்றன. எனக்கே தோன்றவில்லையே.

ஆனாலும் போனில் கத்தினேன். "தூசின்னா இன்னான்னு தெரியுமாப்பா உனக்கு? ரெண்டு வருஷம் பாழாப்போச்சு!"

அவர் மூச்சை இழுத்து இழுத்துப் பேசினார். "தெரியும் கண்ணு. தப்பு என்னுதுதான். இனிமே பாத்துக்கறேன்."

யாரிடம் எதைக் கேட்டேன், பாவி! அவர் நெஞ்சு முழுக்கக் கல்தூசி என்று சொன்ன எக்ஸ்ரேயைக் கையில் பிடித்துப் பார்த்தவளே நான்தான். நேரில் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுதான் இருந்தேன். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிப்போட்டேன். மூன்றாவது வாரம் அவரைக் கோலார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அடக்கம் முடிந்து வந்து அவர் அறையைத் திறந்தேன். இறால் நாற்றம் அடித்தது. ஜன்னல் இடுக்கிலெல்லாம் துணி அடைத்திருந்தது. கட்டிலில் கொசுவலை கட்டி, அதன்மேல் அம்மாவின் பழைய புடவையைப் போர்த்தியிருந்தார். உள்ளே வெள்ளை வேட்டியில் இறால் ஓடுகளை ஒன்றின்மேல் ஒன்று படாமல் பரப்பியிருந்தார். அவருடைய பாய் கீழே கிடந்தது.

அந்த ஓட்டில் தூள் ஐந்து முறையும் வேலை செய்தது. பட்டமும் வாங்கிவிட்டேன். காற்று நுழையாத அந்த அறையில், மூச்சு வாங்கும் மனுஷன் மூன்று வாரம் தரையில் படுத்திருக்கிறார்.