ஒரு சுழி கூட

எழுத்துக்கும் உடம்பு உண்டு. மன்னாரில் நான் பெயர்ப்பலகை எழுதும் கடையில் நாள் முழுக்க அந்த உடம்பைப் பற்றித்தான் பேச்சு. கொம்பு, கால், வயிறு, வால், சுழி. காலைக் கொஞ்சம் நீட்டலாமா என்று நான் கேட்டால், வந்திருப்பவர் தன் காலைப் பார்த்துக்கொள்வார். சுழி விஷயத்தில் மட்டும் எனக்குப் பகிடி பிடிக்காது. ன என்றால் இரண்டு, ண என்றால் மூன்று.

அந்தக் கண்டிப்புத்தான் என்னையும் என் அண்ணனையும் பிரித்தது. அவர் தாழ்வுபாடு கிராமத்தில் கடற்றொழில் செய்கிறவர். மகள் முதன்முதல் நற்கருணை வாங்கும் முதல் நன்மைக்கு, என்னிடம் எழுதத் தராமல் வேறு கடையில் அழைப்புக் கார்ட் அடித்தார். அதில் 'நன்மை', 'நண்மை' ஆகியிருந்தது. கோயில் முற்றத்தில், சொந்தக்காரர் எல்லோர் முன்னாலும், நான் சுழியை எண்ணிக் காட்டினேன். அவர் முகம் செத்துப்போனது. எட்டு மாதம் என்னோடு கதைக்கவில்லை. வீம்பில் நானும் குறைந்தவள் இல்லை. ஆனால் தெருவில் அவருடைய மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் என் கை வேலையை விட்டுவிடும்.

பிறகு அவர் புதுப் படகு வாங்கினார். அவர் மனைவி, என் மச்சாள்தான் கடைக்கு வந்தாள். நாளைக் காலை பாதர் படகை மந்திரித்து ஆசீர்வதிக்க வருகிறாராம், அதற்குள் மாதாவின் பெயரை, 'அன்னை' என்று மட்டும், பெரிதாக எழுதித் தரவேண்டுமாம். அண்ணன் அனுப்பினாரா என்று நான் கேட்கவில்லை.

அன்று பின்னேரமே கரையில் குந்தியிருந்து நீலப் பெயின்டில் எழுதினேன். அண்ணன் சற்றுத் தள்ளி, வலையைப் பார்ப்பதுபோல் இருந்தார். எனக்கு எழுத்தில் கண், அவரில் நினைவு. முடித்துவிட்டு நாலு அடி பின்னால் போய்ப் பார்த்தேன். இரண்டு எழுத்திலும் ஒவ்வொரு சுழி கூட. படகின் பக்கத்தில் முழ உயரத்தில் 'அண்ணை' என்று நிற்கிறது. எங்கள் பக்கத்தில் அண்ணனைக் கூப்பிடும் சொல் அது. எட்டு மாதமாக என் வாயில் வராத சொல்.

அவர் எழும்பி வந்து மெதுவாக வாசித்தார். சுழியை எண்ணிக் காட்டப்போகிறார் என்று நின்றேன். எனக்கு அது வேண்டியதுதான். அவர் தோளில் கிடந்த துவாயை எடுத்து, தின்னரில் நனைத்து, என் கையில் தந்தார்.

"மாதாவுக்கு ரெண்டு சுழிதான். அழிச்சுப்போட்டு எழுது," என்றார். "எனக்குக் கேட்டிட்டுது."