நாங்கள் மறைத்த காமாலை

அண்ணனுக்குக் காமாலை வந்தபோது எனக்குப் பதினாறு வயது. செஞ்சி கடைவீதியில் எங்களுக்குப் பாத்திரக் கடை இருந்தது. நைனா இறந்த பிறகு அண்ணன்தான் அதைப் பார்த்துக்கொண்டான். ஒரு நாள் மத்தியானம் சாப்பிட வந்தவன், சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே எழுந்து போய்ப் படுத்தான். அம்மா அவன் இமையை விரித்துப் பார்த்தாள். வெள்ளை விழி முழுக்க மஞ்சள்.

கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொடுத்தோம். உப்பும் எண்ணெயும் நிறுத்தினோம். பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் வந்து அவன் முன்கையில் சூடு போட்டுவிட்டுப் போனார். எங்கள் பக்கத்தில் காமாலைக்கு அதுதான் வைத்தியம். கண் தெளிந்தது. ஆனால் ஒரு தவலையைத் தூக்கி அலமாரியில் வைப்பதற்குள் அவனுக்கு மூச்சு வாங்கியது. கேட்டால், "அசதி, வேற ஒண்ணுமில்ல" என்பான்.

அடுத்த வருஷம் வல்லத்தில் பெண் அமைந்தது. நெல்லும், மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற நிலக்கடலையும் பயிர் வைக்கிற குடும்பம். அம்மா எங்கள் இரண்டு பேரையும் உட்காரவைத்து, "காமாலைன்னு ஒரு வார்த்த வெளிய வரக்கூடாது" என்றாள். பெண் வீட்டார் வந்த அன்று, அந்த வெயிலிலும் அண்ணன் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டான். கை கழுவத் தண்ணீர் ஊற்றப் போன என்னிடம் பெண்ணின் அம்மா மெதுவாகக் கேட்டார்.

"உங்க அண்ணனுக்கு ஒடம்புக்கு ஒண்ணும் இல்லியேம்மா? ரொம்ப எளச்சாப்பல இருக்காரே."

"தலவலின்னுகூட ஒரு நாளு படுத்தது இல்லீங்க."

யோசிக்காமல் வந்துவிட்டது. அவர் ஈரக் கையால் என் கன்னத்தைத் தொட்டுவிட்டு உள்ளே போனார்.

அண்ணிக்கு என்னைவிட இரண்டு வயதுதான் அதிகம். சத்தம் போட்டுச் சிரிப்பாள். அம்மா முறைத்தால் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரிப்பாள். எனக்குத் தலை பின்னிவிடும்போது ஒரு நாள், "அவரு கையில இன்னா தழும்பு பாப்பா?" என்று கேட்டாள்.

"கடையில சூடான பாத்திரம் பட்டுடுச்சி."

அவள் பின்னலை நிறுத்தவில்லை.

கல்யாணமான எட்டாம் மாதம் அவள் கண் மஞ்சளானது. வாந்தி நிற்கவே இல்லை. அம்மா அவளுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர், தனிப் பாய் என்று ஒதுக்கிக் கொடுத்தாள். அண்ணனுக்கு வந்தபோது இதெல்லாம் எங்களுக்குத் தோன்றவே இல்லை. வாரம் தாண்டுவதற்குள் அம்மா அக்கம்பக்கத்தில், "அவ ஊட்லேருந்து நோவக் கொண்டாந்துட்டா" என்று சொல்ல ஆரம்பித்தாள். அவளுடைய நைனா வந்து பஸ்ஸில் அழைத்துக்கொண்டு போனார். பஸ் கிளம்பும் வரை அண்ணன் கடையில் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தான். வெளியே வரவில்லை.

வல்லத்தில் அவள் இரண்டு மாதத்தில் தேறிவிட்டாள். திரும்ப அழைத்துவர எங்கள் வீட்டிலிருந்து யாரும் போகவில்லை.

அதற்குள் அண்ணனுக்குக் கால் வீங்கியது. பிறகு வயிறு. கை கால் எல்லாம் குச்சியாகி வயிறு மட்டும் பானை மாதிரி ஆனது. புதுச்சேரிக்குக் கொண்டுபோய்க் காட்டினோம். ஈரல் சுருங்கிப்போய்விட்டது, செய்வதற்கு ஒன்றுமில்லை என்றார்கள். ஒரு நாள் காலை ரத்தமாக வாந்தி எடுத்தான். நான் பிடித்த பித்தளைச் சட்டி நிறைந்து வழிந்தது. சாயங்காலம் போய்விட்டான். இருபத்தாறு வயது.

சாவுக்கு அண்ணி வந்தாள். அவள் கொண்டுவந்த நோய்தான் அவனைக் கொன்றது என்று வந்திருந்த பெண்கள் அவள் காதில் விழும்படியே பேசினார்கள். எல்லாம் முடிந்து அவளுடைய ஆட்கள் அழைத்துப்போக எழுந்தபோது, அவள் என் கையைப் பிடித்தாள்.

"பாப்பா, அவருக்கு முன்னாடியே இருந்துச்சா?"

அம்மா எதிரில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்ல அண்ணி."

அவள் கையை விட்டுவிட்டாள்.

எனக்கும் கல்யாணம் ஆகி, குழந்தைகள் பெற்று, அவர்களையும் வளர்த்து முடித்த பிறகு, கண் ஆபரேஷனுக்கு ரத்தம் சோதித்தார்கள். மஞ்சள் காமாலைக் கிருமி, பி வகை என்றார்கள். எனக்கு ஒரு நாளும் கண் மஞ்சளானதில்லை. டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். இது தட்டிலும் டம்ளரிலும் ஒட்டாது. ரத்தத்தில் வரும், ஊசியில் வரும், புருஷன் பெண்டாட்டிக்குள் வரும், பிரசவத்தில் தாயிடமிருந்து பிள்ளைக்கு வரும். வளர்ந்த பிறகு தொற்றினால் பெரும்பாலும் உடம்பே விரட்டிவிடும். பிறக்கும்போதே வந்தால் அனேகமாக உள்ளேயே தங்கி, சிலருக்கு ஈரலைத் தின்றுவிடும்.

"உங்க அம்மாகிட்டேருந்து வந்திருக்கலாம். கூடப் பொறந்தவங்க யாருக்காவது இருந்ததா?" என்று கேட்டார்.

இருந்தது என்று அன்றைக்குத்தான் முதல்முறையாகச் சொன்னேன்.

அந்த மாதமே வல்லத்துக்குப் போனேன். அண்ணி தம்பி வீட்டில் இருந்தாள். மறுபடி கல்யாணம் ஆகவில்லை. வாசலில் மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தாள். என்னை அடையாளம் தெரிய நேரமானது. நான் எல்லாவற்றையும் சொன்னேன். நோய் எங்கள் வீட்டுடையது, அவளுக்குத்தான் எங்களிடமிருந்து வந்தது என்றேன். அவள் உரிப்பதை நிறுத்தவில்லை.

"தெரியும் பாப்பா. அந்தத் தழும்பு எதுக்குப் போடுவாங்கன்னு எனக்குத் தெரியாதா?"

"அப்ப ஏன் அண்ணி அன்னிக்கி எங்கிட்ட கேட்டீங்க?"

"நான் சொன்னா யாரு நம்புவாங்க? உங்க ஊட்டு ஆளு ஒருத்தர் ஆமான்னு சொல்லியிருந்தா போதும். எங்க நைனா சாவற வரைக்கும் எங்கூட மொகம் குடுத்துப் பேசல."

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "பஸ்ஸு வந்துடும், கெளம்பு" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் பிள்ளைகளுக்கும் சோதித்தோம். மகனுக்கு இல்லை. மகளுக்கு இருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை நானும் அவளும் சேர்ந்து போய்ச் சோதனைக்கு ரத்தம் கொடுக்கிறோம். இப்போது மாத்திரை இருக்கிறது, கவனமாக இருந்தால் நெடுநாள் வாழலாம் என்கிறார் டாக்டரம்மா. மகள் தலையாட்டிக் கேட்டுக்கொள்கிறாள். நானும் நம்பத்தான் பார்க்கிறேன். அவள் கொஞ்சம் அசதியாக இருக்கிறது என்று சொன்னால் போதும், எனக்கு அன்றைக்குச் சோறு இறங்குவதில்லை.