கை சும்மா இருக்காது

சாவிக்காரர் வீட்டுக்குள் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டுதான் செய்தித்தாள் படிக்கிறார் என்று அந்த நாலு மாடிக் கட்டடத்தில் ஒரு பேச்சு கிளம்பியது. மொட்டைமாடியில் கிளம்பியபோது அது வெறும் கையுறை. மூன்றாம் மாடிக்கு இறங்கியபோது அதில் கைரேகை சேர்ந்துகொண்டது. தரைத்தளத்துக்கு வருவதற்குள், என்றைக்கோ யார் வீட்டிலோ தொலைந்துபோன சுவர்க்கடிகாரம் ஒன்றும் அதில் ஏறி உட்கார்ந்துவிட்டது.

படிக்கட்டுக்கு அடியில் நாலடிக்கு ஆறடி இடம். அதுதான் அவருடைய பூட்டுக் கடை. பின்சுவரில் வரிசையாக ஆணிகள், அவற்றில் முப்பத்தாறு வீடுகளின் மாற்றுச் சாவிகள். சாவியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டவர்கள் நேரே இங்கேதான் ஓடி வருவார்கள். அவர் பிழைப்பே அந்த நம்பிக்கையில்தான் தொங்குகிறது. பேச்சு கிளம்பிய வாரம் மூன்று ஆணிகள் காலியாயின. கேட்டதற்கு, "ஊர்லேர்ந்து மச்சான் வரான், அவனுக்கு ஒரு சாவி வேணும்" என்றார் ஒருவர். அடுத்தவருக்கும் மச்சான். மூன்றாமவருக்கு மச்சான் இல்லாததால் நாத்தனார்.

விசாரித்துப் பார்த்ததில் கையுறை உண்மைதான். தைத்தவர் அவர் மனைவி. துணி, அவருடைய பழைய பனியன். காலையில் வெதுவெதுப்பான தண்ணீரில் குளியல். சுடுதண்ணீர் ஆகாது, வாசனை சோப்பு ஆகாது, நேரம் இழுக்கவும் ஆகாது. மனைவி கதவுக்கு வெளியே நின்று, "அஞ்சு நிமிஷம் ஆச்சு, உள்ளேயே குடித்தனம் வெச்சுட்டீங்களா?" என்று குரல் கொடுப்பார். துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுக்க வேண்டும். ஈரம் முழுதும் காயும் முன்பே விரலிடுக்கிலிருந்து மணிக்கட்டு வரை களிம்பு. அதன்மேல் கையுறை. பிறகு அரைமணி நேரம், போட்டோவுக்கு உட்கார்ந்த மாப்பிள்ளைபோல் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு இருப்பார். செய்தித்தாளின் பக்கத்தைப் புரட்டுவது மனைவியின் வேலை. "நீ புரட்டுற வேகத்துக்குத்தான் நாட்டு நடப்பு எனக்குத் தெரியுது" என்பார்.

டாக்டர் அதற்கு எக்ஸிமா என்று பேர் சொன்னார். மனைவி கரப்பான் என்று சொன்னார். அதைக் கேட்ட எதிர்வீட்டுக்காரர் பூச்சி மருந்து டப்பாவோடு வந்து நின்றார். கட்டடத்தில் ஆளுக்கொரு வைத்தியம். பற்பசை தடவச் சொன்னவரும் உண்டு. தடவினார். "மூணு நாள் எரிஞ்சுது. ஆனா புதினா வாசனையா எரிஞ்சுது" என்று அதிலும் ஒரு நல்லதைக் கண்டுபிடித்தார். ஒட்டுமா என்று தள்ளி நின்று கேட்பவர்களுக்கும் பதில் தயார்: "ஒட்டுறதா இருந்தா முதல்ல இவளுக்கு ஒட்டியிருக்கணும். இருபத்திரண்டு வருஷமா என் பொறுமையே இவளுக்கு ஒட்டலை."

முன்பெல்லாம் சொறிவதற்கென்றே தனியாக ஒரு சாவி வைத்திருந்தார். பழைய இரும்புக் கதவொன்றின் சாவி, ஐந்து பல். "அந்தச் சுகத்துக்குச் சொத்தையே எழுதிக் குடுக்கலாம்" என்பார். சுகம் ஒரு நிமிடம், புண் ஒரு வாரம். டாக்டர் சாவியைப் பார்த்தார், பிறகு மனைவியைப் பார்த்தார். மனைவி அதை வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டார். அன்று முதல் அரித்தால் தட்டிக்கொள்ள மட்டுமே அனுமதி. தட்டியும் அடங்காவிட்டால் குளிர்ந்த ஈரத்துணி. நகங்களை ஒட்ட வெட்டி, சாவி ராவும் அரத்தாலேயே முனையை மழுக்கிக்கொள்கிறார். "இது போகப்போறதில்லை. நானும் போகச் சொல்லலை. வந்தா உக்காரட்டும், படுக்க மட்டும் இடம் குடுக்க மாட்டேன்."

கடையில் மட்டும் வெறுங்கை. பூட்டின் வயிற்றுக்குள் நடக்கும் மயிரிழை அசைவு விரல்நுனிக்குத்தான் தெரியும். "உறை மாட்டினா பூட்டு நம்மகூடப் பேசாது."

பேச்சின் ஊற்றுக்கண் மொட்டைமாடிக் கொடியில் கிடைத்தது. மனைவி அங்கே கையுறைகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்தபோது, இதென்ன என்று கேட்டவர் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர். லிஃப்டில் வாரம் ஒரு நோட்டீஸ் ஒட்டுவதால் அவருக்கு நோட்டீஸ் அம்மா என்று பேர். "அவருக்குங்க. அவர் கை ஒரு நிமிஷம் சும்மா இருக்காது. அதான் உறை மாட்டி உட்கார வெச்சுடறேன்" என்றார் மனைவி. பூட்டுத் திறக்கத் தெரிந்தவரின் கை சும்மா இருக்காது என்றால் கேட்பவர் என்னவென்று எடுத்துக்கொள்வார்?

ஞாயிற்றுக்கிழமை காலை, மடித்த காகிதம் ஒன்றோடு நோட்டீஸ் அம்மா அவர்கள் வீட்டு மணியை அழுத்தினார்.

"வாங்க, இப்பத்தான் மாட்டிவிட்டேன்" என்றார் மனைவி.

நாற்காலியின் நுனியில் உட்கார்ந்த நோட்டீஸ் அம்மா, வெள்ளைக் கைகளையே பார்த்தார். "சாவியெல்லாம் அவங்கவங்க திரும்ப வாங்கிக்கணும்னு எழுதியிருக்கேன். ஒட்டுறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டுடலாம்னுதான். எதுக்கு இந்த உறை?"

சாவிக்காரர் வலது கையை மனைவியிடம் நீட்டினார். மனைவி உறையை மெல்ல உருவினார். களிம்பில் பளபளத்த விரல்களில், மூன்று கணுக்களிலும் சிவந்த வெடிப்புகள்.

"திருடுறவன் வேலைக்குப் போகும்போது மாட்டுவான்மா" என்றார் சாவிக்காரர். "வேலை முடிஞ்சு வந்து மாட்ட மாட்டான்."

"நான் சொறியுறதைத்தாங்க சொன்னேன்" என்றார் மனைவி. "நீங்க என்னன்னு நினைச்சீங்க?"

நோட்டீஸ் அம்மா காகிதத்தை இன்னும் சிறியதாக மடித்தார். பிறகு இன்னும் சிறியதாக. அதற்குமேல் மடிக்க இடமில்லாமல் போனதும், சட்டென்று ரவிக்கைக் கையை ஒதுக்கி முழங்கையின் உள்மடிப்பைக் காட்டினார். சிவந்து, தடித்து, சொறிந்த கோடுகளோடு இருந்தது.

"ரெண்டு மாசமா. யார்கிட்டயும் சொல்லலை. ஒட்டுமான்னு கேப்பாங்க."

"யாரு கேப்பா?"

"நானே கேப்பேன்."

சாவிக்காரர் முதலில் சிரித்தார். மனைவி முறைத்ததும் நிறுத்திக்கொண்டார். "டாக்டர் எனக்கு எழுதின மருந்தை உங்களுக்குத் தர மாட்டேன். அதுக்கு நீங்களே அவரைப் போய்ப் பாருங்க. இது வெறும் களிம்பு, தோல் காயாம வெச்சிருக்கும். குளிச்ச கையோட தடவுங்க." வீட்டில் பிரிக்காமல் இருந்த ஒரே டப்பா அதுதான். "நாளைக்கே வேற வாங்கித் தந்துடறேன்" என்று சொல்லி வாங்கிக்கொண்டார் நோட்டீஸ் அம்மா.

நோட்டீஸ் ஒட்டப்படவில்லை. அவர் வாயாலேயே பேச்சு மறுபடி மாடி ஏறியிருக்க வேண்டும். இரண்டு நாளில் இரண்டு ஆணிகளுக்குச் சாவி திரும்பியது. மச்சான்களுக்கு ரயில் கிடைக்கவில்லை போலும். மூன்றாவது ஆணி நோட்டீஸ் அம்மாவுடையது. வியாழக்கிழமை மதியம் அவரே கடைக்கு வந்து, அவரே எட்டிச் சாவியை மாட்டினார்.

"டாக்டரைப் பாத்தேன். இப்பப் பரவாயில்லை."

"நல்லதும்மா."

"அந்த டப்பா..."

"இருக்கட்டும்."

இன்னொரு சொல் தொண்டை வரை வந்ததுபோல் இருந்தது. "மழை வரும்போல இருக்கு" என்று வெளியே வந்தது. வெளியில் நல்ல வெயில். அவர் லிஃப்டுக்குள் போனார்.

அதற்குப் பின் மூன்று வாரம் ஆயிற்று. டப்பாவும் வரவில்லை, அந்தச் சொல்லும் வரவில்லை. அந்த வியாழக்கிழமை லிஃப்ட் மேலே போனதும் சாவிக்காரர் அந்தச் சாவியை ஆணியிலிருந்து எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். இரண்டாம் பல்லில் ஒரு பிசிறு. மெல்லிய அரத்தால் நாலு இழுப்பு இழுத்து, வெடிப்பில்லாத சுண்டுவிரலால் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, திரும்ப மாட்டினார்.